பூக்காத செடி

தலையில் வைக்கப் பூ இல்லை, குழம்பில் போடக் காய் இல்லை. வெறும் இலைக்காக ஒரு செடியை வளர்ப்பதென்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அது வேடிக்கையாகத்தான் இருக்கும். சென்னையில் எங்கள் இரண்டாவது மாடி வராந்தாவுக்கு மான்ஸ்டெரா வந்து சேர்ந்த அன்று, அம்மா அதை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏண்டா, பூச்சி அரித்ததைக் காசு கொடுத்தா வாங்கினாய்?"

அம்மாவுக்கு ஊரில் வாழையும் முருங்கையுமாகப் பெரிய கொல்லை இருந்தது. அப்பா காலமான பிறகு அதை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிட்டாள். இங்கே அவள் கைகளுக்கு வேலையில்லை.

ஓட்டைக்குக் காரணம் சொன்னேன். தெற்கு மெக்ஸிகோவிலிருந்து பனாமா வரையுள்ள காடுகளே இதன் பிறந்த வீடு. மரங்களைப் பற்றி ஏறும் இந்தக் கொடிக்கு வெயில் பொட்டுப் பொட்டாகத்தான் கிடைக்கும். துளை விழுந்த இலை அகலமாகப் பரவுவதால், அந்தப் பொட்டு வெயில் ஒரேயடியாகத் தவறிப் போவதில்லை என்று 2013-ல் கிறிஸ்டோபர் மூயிர் என்ற ஆராய்ச்சியாளர் விளக்கினார்.

"அப்படியானால் நேர் வெயில் ஆகாது. வெளிச்சம் மட்டும் விழுகிற மூலையில் வை" என்றாள் அம்மா. அன்றே செடி அவள் வசமாயிற்று.

தினமும் மண்ணில் விரல் விட்டுப் பார்ப்பாள். இரண்டு அங்குலம் காய்ந்திருந்தால்தான் தண்ணீர். தேங்கினால் வேர் அழுகி இலை மஞ்சளித்துவிடும். தேங்காய் நார் சுற்றிய கழி ஒன்றை நட்டாள். தண்டிலிருந்து இறங்கும் வேர்கள் அதைப் பற்றிக்கொண்டன. இலைகளில் படியும் தூசியை ஈரத்துணியால் துடைப்பாள். இளஞ்செடியின் இலைகள் முழுசாகவே வரும். வயது ஏறி, வெளிச்சமும் போதுமானால்தான் பிளக்கும்.

ஒரு நாள் என் இரண்டு வயதுப் பெண் ஒரு காம்பை ஒடித்து வாய்க்குக் கொண்டு போனாள். அம்மா பாய்ந்து பிடுங்கிவிட்டாள். "காம்பைப் பார்த்தாலே தெரியவில்லையா? இது சேம்பு ஜாதி. அரிக்கும்!"

அவள் கணக்குத் தப்பவில்லை. சேம்பு, சேனை, மான்ஸ்டெரா எல்லாம் ஒரே குடும்பம். ஊசி போன்ற கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள்தாம் அரிப்புக்குக் காரணம்; சேனைக்குப் புளி விடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. வீடுகளில் அழகுக்கு வைக்கும் டிஃபன்பேக்கியாவும் இதே குடும்பந்தான். மென்றால் நாக்கு வீங்கிப் பேச்சே நின்றுவிடலாம் என்பதால், ஆங்கிலத்தில் அதற்கு 'ஊமைக் கரும்பு' என்று பொருள்படும் பெயர் உண்டு. குழந்தைகள் உள்ள வீட்டில் இவை எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். கடித்துவிட்டால் வாயைக் கழுவி, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

இப்போது மாடிக்கு மாடி அம்மாவிடம் ஆள் வருகிறது. கணுவும் வேரும் உள்ள தண்டாகப் பார்த்து வெட்டிக் கொடுக்கிறாள். பெயர் தெரியாத பாட்டியாக இருந்தவள் 'செடிப் பாட்டி' ஆகிவிட்டாள்.

ஊர் ஞாபகம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் போன வாரம் அக்கா பத்து நாள் வந்து இருக்கும்படி கூப்பிட்டபோது, அம்மா சொன்ன பதில் இது:

"புது இலை ஒன்று சுருளாக நிற்கிறது. அது விரியட்டும், வருகிறேன்."