காரில்லாமல் ஒரு காண்டோ

"ரெண்டு பெட்ரூம் புறாக்கூட்டை இந்த விலைக்கா வாங்கினே? இன்னும் கொஞ்சம் கடன் வாங்கியிருந்தா ஸ்கார்பரோவில டவுன்ஹவுஸே கிடைச்சிருக்குமே!" டொரண்டோ டவுன்டவுன்ல, செயின்ட் லாரன்ஸ் பக்கம் காண்டோ வாங்கினதிலேர்ந்து இதைக் கேட்காத நண்பர் இல்லை. ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி அலுத்துப்போச்சு. அதான் இந்தப் பதிவு.

காரணம் அம்மா. கும்பகோணத்துல கோயில், காய்கறிக்கடை, பேங்க் எல்லாத்துக்கும் நடந்தே பழகினவங்க. ஸ்கார்பரோவில நாங்க வாடகைக்கு இருந்த வீட்டுலேர்ந்து பால் வாங்கணும்னாகூட நான் காரை எடுக்கணும். அம்மாவுக்கு கார் ஓட்டத் தெரியாது. வாரம் முழுக்க ஜன்னல், டிவி, சனிக்கிழமைக்காகக் காத்திருப்பு. குறை சொல்ல மாட்டாங்க. "நீ எப்போ கடைக்குப் போவே?"ன்னு கேட்கிற தொனியிலேயே எல்லாம் தெரிஞ்சுடும்.

இப்ப இருக்கிற இடம் 1970கள் வரைக்கும் தொழிற்சாலையும் கிடங்குமாக் கிடந்ததாம். டேவிட் க்ராம்பி மேயரா இருந்த காலத்துல (1973-78) நகராட்சியே திட்டம் போட்டு, கூட்டுறவு வீடு, மலிவு வாடகை வீடு, காண்டோன்னு கலந்து கட்ட வழி பண்ணாங்க. நடுவுல நீளமா ஒரு பூங்கா. அதுக்கு அவர் பேருதான். மார்க்கெட், நூலகம், பள்ளிக்கூடம் எல்லாம் நடந்து போற தூரம்.

வாங்கற கதை தனி. ஒன்டாரியோவில பழைய காண்டோ வாங்கறவங்க ஸ்டேட்டஸ் சர்டிபிகேட்டைப் படிக்காம கையெழுத்து போடவே கூடாது. நூறு டாலருக்கு மேல வாங்க முடியாது, கேட்டா பத்து நாளுக்குள்ள தந்தாகணும். கட்டடத்தோட ஜாதகமே அதுலதான். முதல்ல பிடிச்ச வீட்டுல ஏரி தெரியும், மாச மெயின்டனன்ஸும் கம்மி. அம்மாவுக்கு ரொம்ப ஆசை. வக்கீல் அந்தக் காகிதத்தைப் பார்த்துட்டு உதட்டைப் பிதுக்கினார். ரிசர்வ் ஃபண்ட்ல பணமே இல்லை, கராஜ் ரிப்பேர் வேற காத்துக்கிட்டிருக்கு. நாளைக்கு ஸ்பெஷல் அசெஸ்மென்ட்னு ஒவ்வொரு வீட்டுக்கும் ஆயிரக்கணக்குல பில் வரும்னார். விட்டுட்டோம். வாங்கினது அதைவிடப் பழைய கட்டடம். மெயின்டனன்ஸ் ஜாஸ்தி, காரிடார் கார்ப்பெட் கண்றாவி, ஃபண்ட் மட்டும் கொழுகொழுன்னு இருந்தது. பார்க்கிங் கிடையாது. காரை வித்தாச்சு.

டொரண்டோவுக்குள்ள வாங்கினா பத்திர வரி ரெண்டு தடவை, மாகாணத்துக்கு ஒண்ணு, நகரத்துக்கு ஒண்ணு (வயிற்றெரிச்சல்!). 2022-ல பேங்க் ஆஃப் கனடா வட்டியை ஏத்தினதும் காண்டோ விலை சரிஞ்சது. நாங்க 2023-ல வாங்கினோம், அப்புறமும் இறங்கிச்சு. கணக்குப்படி நஷ்டம்தான். பக்கத்துலயே தண்டவாளம், ராத்திரி ரயில் சத்தம். முருங்கைக்காய்க்கு இன்னமும் ஸ்கார்பரோ பஸ்தான்.

போன வியாழக்கிழமை வேலை முடிஞ்சு வந்தா வீடு பூட்டியிருக்கு. அம்மா போனையும் எடுக்கலை. எனக்கு வியர்த்துப்போச்சு. அரைமணி கழிச்சு பக்கத்து வீட்டு போர்த்துகீசியப் பாட்டியோட (ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு மொழி கிடையாது) சிரிச்சுக்கிட்டே வர்றாங்க, கையில கீரைக்கட்டு.

"எங்கேம்மா போனீங்க?"

"ஏண்டா, சொல்லிட்டுத்தான் போகணுமா?"