"டிடக்டிபிளை நாங்க பாத்துக்கறோம் சார்!"

இன்சூரன்ஸ் பாலிசியில் 'டிடக்டிபிள்' என்று ஒரு வரி இருக்கும். நஷ்டத்தில் முதல் இவ்வளவு ரூபாய் உங்களுடையது, மிச்சம்தான் கம்பெனியுடையது என்று அர்த்தம். நம்ம ஊரில் 1500 சிசி வரைக்குமான காருக்கு கட்டாய டிடக்டிபிள் 1000 ரூபாய், அதற்கு மேல் 2000. சின்னத் தொகைதான். ஆனால் தூண்டிலில் மாட்டுகிற புழுவும் சின்னதுதானே மக்களே!

இங்கே ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் பக்கத்து ஃப்ளாட் நண்பர் பம்பர் உரசலோடு ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனார், துணைக்கு நானும். "அந்த 1000 நீங்க கட்ட வேண்டாம். பழைய கதவுக் கீறலையும் இதிலேயே சேர்த்துடலாம். ராதிகா தியேட்டர் பக்கம் பைக்காரன் இடிச்சான்னு எழுதுங்க, ஏம் காது சார்!" என்றார் அங்கிருந்தவர். ஒன்றும் ஆகாதாம்.

நிஜமாகவே ஒன்றும் ஆகாதா? நண்பருக்கு 50% நோ க்ளெய்ம் போனஸ். சொந்த சேதத்துக்கான பிரீமியம் 6000 என்றால் அவர் கட்டுவது 3000. ஒரு க்ளெய்ம் போட்டால் போனஸ் பூஜ்யம். பிறகு 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50-ஐத் தொட ஐந்து வருஷம். பம்பர் பெயிண்டுக்கு 3500 ரூபாய்தான் செலவு. கைக்காசு போட்டு முடித்தார். பொய்க் கையெழுத்தும் மிச்சம்.

டாலஸ் பக்கம் இருக்கும் என் தங்கச்சியும் இதே வசனத்தைக் கேட்டிருக்கிறாள். அங்கே காருக்குப் பதில் வீட்டுக் கூரை. ஆலங்கட்டி மழை பெய்து ஓய்ந்ததும் கூரை காண்ட்ராக்டர்கள் தெருத்தெருவாகக் கதவைத் தட்டுவார்கள். டெக்சாஸில் ஆலங்கட்டிக்கான டிடக்டிபிள் பெரும்பாலும் வீட்டுக் காப்பீட்டுத் தொகையில் 1 அல்லது 2 சதவீதம். 4 லட்சம் டாலர் வீட்டுக்கு 2% என்றால் 8000 டாலர்! "அதை நாங்க தள்ளிடறோம்" என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

கூரை வேலை 20,000 என்று வைப்போம். கம்பெனி தருவது 12,000. மீதி 8000 வானத்திலிருந்து விழாது. ஒன்று, கம்பெனிக்கு 28,000-க்குப் பொய் பில் போகும். இல்லையென்றால், 12,000-க்கு எவ்வளவு வேலை வருமோ அவ்வளவுதான் உங்கள் தலைக்கு மேல் நிற்கும். ஒட்டைப் போட்ட அட்டையை அடுத்த மழை வந்துதான் காட்டிக்கொடுக்கும். அப்போது காண்ட்ராக்டர் வேறு ஊரில் இருப்பார்.

இதைத் தடுக்கத்தான் டெக்சாஸில் 2019 செப்டம்பர் 1 முதல் சட்டமே இருக்கிறது. டிடக்டிபிளைத் தள்ளுபடி செய்வதாகக் காண்ட்ராக்டர் சொல்வதே குற்றம். நீங்கள் அதைக் கட்டியதற்கு கம்பெனி ஆதாரமும் கேட்கலாம்.

"எல்லாரும்தான் செய்யறாங்க அண்ணா" என்றாள் தங்கச்சி. எல்லாருக்கும் எச்1பி விசா இல்லையேம்மா என்றேன். மோசடி வழக்கு என்று ஒன்று வந்தால் அது கூரையோடு நிற்காது. விசா, கிரீன் கார்டு வரைக்கும் இடிக்கும்.

அவள் வேறு இரண்டு பேரிடம் எழுத்தில் எஸ்டிமேட் வாங்கி, டிடக்டிபிளைச் செக்காகக் கொடுத்து, ரசீதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாள். நீங்களும் "நாங்க பாத்துக்கறோம்" என்று யாராவது சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பேப்பரில் கையெழுத்து யாருது?" பதில் 'உங்களுது' என்றால், மாட்டப்போவதும் நீங்கள்தான்.