கதவுக்கேற்ற சுவர்

பழைய தேக்குக் கதவு வாங்க வருகிறவர் முதலில் தட்டிப் பார்ப்பார். பிறகு ஒரு மூலையை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். கண்ணாடிக் கதவு கேட்டு வருகிறவரோ கையைக் கட்டிக்கொண்டு தள்ளியே நிற்பார். நூம்பலில் நான் போயிருந்த பழைய மரச்சாமான் கிடங்கில் இதை வைத்தே ஆளை எடைபோட்டுவிடுகிறார்கள்.

வேலப்பன்சாவடியில் பூந்தமல்லி நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால், மனைகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. நிலைகள் ஒரு பக்கம், ஜன்னல்கள் ஒரு பக்கம், கழற்றிய கீல்களும் தாழ்ப்பாள்களும் பெயின்ட் டப்பாக்களில். கண்ணாடிக் கதவுகளுக்கு மட்டும் தனி மரியாதை. அடியில் மரச்சட்டம், நடுவே அட்டை, சுவரோரம் லேசான சாய்வு. "படுக்கப் போட்டா அடியில ஒரு சின்னக் கல்லு போதும் சார், முடிஞ்சுது" என்றார் அங்கே வேலை பார்க்கும் ஆசாரி.

சரக்கு இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, இடிபடும் தனி வீடுகள். 1968 உலக வர்த்தகப் பொருட்காட்சிக்குப் பிறகு வளர்ந்த அண்ணா நகரில் பல தனி வீடுகள் இப்போது அடுக்ககங்களாகிக்கொண்டிருக்கின்றன. இப்படிப்பட்ட வீடுகளை இடிக்கும் காண்ட்ராக்டர் வீட்டுக்காரருக்கே பணம் கொடுத்துவிட்டுத்தான் இறங்குகிறார். மரத்திலும் இரும்பிலும் அந்தக் காசு திரும்பி வந்துவிடும். கண்ணாடி அந்தக் கணக்கிலேயே கிடையாது, அதனால் கடப்பாரை முதலில் அதன் மேல்தான் விழும். தேக்குச் சட்டத்துக்குள் இருந்ததால் மட்டுமே தப்பிப் பிழைத்த கண்ணாடிகள்தாம் இங்கே வந்து சேர்பவை.

இன்னொன்று, காலி செய்த அலுவலகங்களிலிருந்து வரும் 12 எம்.எம் டஃபன்ட் கதவுகள். சட்டமே இல்லாத முழுக் கண்ணாடி. ஏழடிக்கு மூன்றடி உள்ள ஒரு கதவு கிட்டத்தட்ட 60 கிலோ. பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும், விலை புதியதில் பாதி வராது. வருகிறவர்கள் எல்லோருக்கும் இதன் மேல்தான் கண்.

ஆசாரி ஒரு பழைய இரட்டைக் கதவைப் பிரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைச் சுற்றிப் பிடித்திருக்கும் பீடிங்கை மூலையிலிருந்து நெம்பவில்லை. நடுவில் உளியைச் செருகி, மரம் வில்லாக வளைந்ததும் ஆணியோடு எடுத்தார். ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் ஒரு எண். எல்லாம் ஒரே நீளம்போலத் தெரிந்தாலும் மாற்றிப் போட்டால் மூலை சேராது என்றார். உள்ளே சுண்ணாம்புத் தூளும் ஆளிவிதை எண்ணெயும் பிசைந்து வைத்த லப்பம் கல்லாக இறுகியிருந்தது. அதைச் சூடு காட்டி, இளகவைத்து, கத்தியால் சுரண்ட ஆரம்பித்தார். அவசரமே படவில்லை. கண்ணாடி வெளியே வந்ததும் டியூப்லைட்டுக்கு எதிரே சாய்த்துக் காட்டினார். விளக்கின் கோடு நெளிந்தது.

அந்த நெளிவு பழைய சரக்கின் அடையாளம். உருகிய கண்ணாடியைத் தகடாக இழுத்து எடுத்த காலத்தின் மிச்சம் அது. உருகிய தகரத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுச் சமதளமாக்கும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959-இல் அறிவித்தது. இதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வரும் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபேன் ஆலை 2000-இல் அந்த முறையில் உற்பத்தியைத் தொடங்கியது. அங்கிருந்து வருகிற கண்ணாடியில் விளக்கு நெளியாது. எனக்கு நெளிவதுதான் பிடிக்கிறது. ஆனால் அதை வாங்கிக் குளியலறையில் மாட்டுகிறவர்களைக் கண்டால் பயமாக இருக்கிறது. பழைய 4 எம்.எம் கண்ணாடி உடைந்தால் கத்தி கத்தியாகப் பிளக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் கீழ்ப் பகுதிக்காவது பலகை போடச் சொல்லலாம். பழைய எனாமல் பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் அதை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கவும் கூடாது. பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான்.

நான் அங்கே இருந்தபோது அயப்பாக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். மாடியில் பால்கனிக்கு வாசல் விட்டாயிற்று, கதவுதான் பாக்கி. நேராக டஃபன்ட் கதவிடம் போனார்கள்.

"ரெண்டு இன்ச் மட்டும் குறைச்சுக் குடுங்கண்ணே."

"இதைக் குறைக்க முடியாதும்மா. சுவரைத்தான் குறைக்கணும்."

கேலி செய்கிறார் என்று நினைத்து அந்த அம்மா சிரித்தார். ஆசாரி கண்ணாடியின் மூலையில் இருந்த டஃபன்ட் முத்திரையைக் காட்டினார். அறுப்பது, துளைப்பது எல்லாம் சூளைக்குப் போகும் முன்பே முடிந்திருக்க வேண்டும். 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிர்காற்றை அடித்து எடுப்பதால் மேல்தோல் இறுகி, உள்ளே இழுவிசையோடு நிற்கிறது. கட்டர் ஆழமாக இறங்கினால் மொத்தக் கதவும் கற்கண்டாகக் கொட்டிவிடும். சுவரைக் கொத்திக்கொள்கிறோம் என்றார் கணவர். கதவைத் தாங்கும் ஃப்ளோர் ஸ்பிரிங்குக்குத் தரையில் குழி வேண்டுமே? கிரானைட் போன வாரம்தான் போட்டார்களாம்.

இங்கே வந்து ஏமாந்து திரும்புகிற பலரும் இப்படித்தான். பழைய கதவை முதலில் வாங்கிவிட்டு அளவைக் கொத்தனாரிடம் கொடுக்க வேண்டும். அவர்களோ வாசலைக் கட்டிவிட்டுக் கதவு தேடுகிறார்கள். முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் பழைய வீடுகளையே பிரித்துக் கொண்டுவந்து எழுப்பியிருக்கிறார்கள். அங்கே நிலைக்கும் தூணுக்கும் ஏற்பத்தானே சுவர் எழும்ப முடியும்? நம் கொத்தனார்கள் இதற்கு எளிதில் இணங்குவதில்லை என்பதும் உண்மை.

தம்பதி திரும்பிப் போகவில்லை. ஆசாரி பிரித்துக்கொண்டிருந்த இரட்டைக் கதவைக் காட்டினார். நிலைக்குள் அடங்க இதிலும் அதே இரண்டு அங்குலம்தான் குறைய வேண்டும். எட்டு நூல் ஓர் அங்குலம். இரண்டு கதவுக்கு நெடுக்குச் சட்டம் நாலு. சட்டத்துக்கு நாலு நூல் வீதம் இழைத்தால் பதினாறு நூல் வந்துவிடும். நடுவில் இரண்டும் சேரும் இடத்தில் படியைப் புதிதாக வெட்ட வேண்டும், கீல் பள்ளத்தை உள்ளே தள்ள வேண்டும், கண்ணாடியைத் தொடவே வேண்டாம். மரமும் பீடிங்கும் லப்பமும் இருப்பதால் கிடைக்கிற சலுகை இது.

கணவர் முன்பணத்தை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் தனி வண்டியில், நிற்கவைத்துத்தான் அனுப்புவேன், வீட்டில் வந்து நானே மாட்டுவேன் என்றார் ஆசாரி. அதற்குத் தனிக் கூலியா, கதவு விலையிலேயே சேர்த்தியா என்று அந்த அம்மா பேரம் பேச ஆரம்பித்தார்.