முன்சக்கரம் அப்பாவுடையது

எங்கள் ஊரில் சைக்கிளை ஓட்டுவதில்லை, சவிட்டுவார்கள். திருநெல்வேலியில் முதுகலை படிக்கப் போனபோது விடுதி நண்பர்கள் இந்தச் சொல்லைக் கேட்டுச் சிரித்தார்கள். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த மண் இது. மிதித்தலைச் சவிட்டுதல் என்பது மலையாளத்தோடு நாங்கள் இன்றும் பகிர்ந்துகொண்டிருக்கும் வழக்கு. சிரிப்புக்கு அஞ்சி நான் 'ஓட்ட'க் கற்றுக்கொண்டேன். அப்பா கடைசிவரை சவிட்டிக்கொண்டுதான் இருந்தார்.

2023 கோடையில் வீட்டின் பின்பக்கத் தொழுவத்துக்கு ஓடு மாற்ற வேண்டியிருந்தது. உள்ளே கிடந்தவற்றை வெளியே எடுத்துப்போட்டபோது இரண்டு சைக்கிள்கள் வந்தன. ஒன்று, அப்பா 1978இல் வாங்கிய கறுப்பு ஹெர்குலிஸ். சென்னை அம்பத்தூரில் 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையில் பிறந்தது. 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், ஆள் உட்காரத்தக்க கேரியர். மற்றது, 1994இல் அப்பா எனக்கு வாங்கித்தந்த மலைச் சைக்கிள். தடித்த டயர், நேரான ஹேண்டில்பார், மட்கார்டு கிடையாது. இப்போது முன்சக்கரமும் கிடையாது. யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அம்மை இரண்டையும் ஆக்கருக்குப் போட்டுவிடச் சொன்னாள். பழைய இரும்பு வாங்குகிறவரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வது. அவர் வந்து தூக்கிப் பார்த்துக் கிலோ கணக்குச் சொன்னார். சரி என்று சொல்ல வாயெடுத்தவன் ஏனோ நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அப்பா தடிக்காரன்கோணத்துக்கு அப்பால் ஒரு தனியார் ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் வேலையில் இருந்தார். விடிவதற்கு முன்பே பால்வெட்டுத் தொடங்கிவிடும். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் எல்லாமே இருட்டோடு நடக்க வேண்டிய வேலை. வெட்டுகாரர்களின் பேரைப் பதிய அப்பா அவர்களுக்கும் முன்பாக அங்கே நிற்க வேண்டும். முதல் பேருந்து அதற்கு உதவாது. ஆகவே இறச்சகுளத்திலிருந்து பூதப்பாண்டி, திட்டுவிளை வழியாக ஏறுமுகமாகவே சவிட்டிப் போவார். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவ மழையும் பெய்யும் மாவட்டம் இது. இரண்டிலும் நனைந்தவர் அவர். மழையில் இரும்பு ரிம்மைப் பிரேக் கட்டை சரியாகப் பற்றாது. இறக்கத்தில் காலைத் தரையில் உரசியே வேகத்தைக் குறைப்பார். அவருடைய செருப்புகளில் வலது குதிகால் மட்டும் தேய்ந்திருக்கும்.

பத்தாம் வகுப்புக்குப் போகும்போது எனக்கு மலைச் சைக்கிள் வேண்டும் என்று அடம்பிடித்தேன். உடன் படித்த இருவரிடம் இருந்தது, அதைத் தவிர வேறு காரணம் இல்லை. சீட்டை ஏலத்தில் தள்ளி எடுத்து வாங்கித்தந்தார். மலைக்குப் போகிறவர் பழைய சைக்கிளில் போக, மலைச் சைக்கிளில் நான் வடசேரிக்கும் செட்டிகுளத்துக்கும் சமதரையில் சுற்றிக்கொண்டிருந்தேன். அதில் இருந்த வேடிக்கை அப்போது எனக்குத் தெரியவில்லை.

1996 நவம்பரில் ஒரு நாள் இரவு அப்பாவுடைய சைக்கிளின் பின் அச்சு முறிந்துபோனது. 'மக்களே, நாளைக்கு ஒரு நாள் ஒனக்க சைக்கிளத் தா' என்றார். சிறப்பு வகுப்பு இருக்கிறது என்றேன். சிறப்பு வகுப்பு எதுவும் இல்லை. நண்பர்களோடு நாகர்கோவிலில் படம் பார்க்கப் போவதாகத் திட்டம். அப்பா என்னைச் சற்று நேரம் பார்த்தார். 'அப்ப சரி' என்றார். மறுநாள் நான் விழித்தபோது அவர் இல்லை. இரவு மூன்று மணிக்கே நடக்கத் தொடங்கிவிட்டதாக அம்மை சொன்னாள். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பிறகு ஒருபோதும் பேசிக்கொண்டதில்லை. 2017இல் அவர் இறந்தார்.

ஆக்கர் மறுநாள் வருவதற்குள் இரண்டு சைக்கிள்களையும் ஒரு ஆட்டோவில் ஏற்றிக் கோட்டாற்றுப் பக்கம் உள்ள பழைய கடைக்குக் கொண்டுபோனேன். ஒரு காலத்தில் மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்குச் சைக்கிள் விட்ட கடை. நடத்துகிற அண்ணாச்சிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அப்பாவுடையதைப் புதுப்பித்துத் தர வேண்டும் என்றேன். அவர் பெடல் பக்கம் குனிந்து, பின்சக்கரத்துக்குப் போகும் குழாயைச் சுத்தியலால் மெல்லத் தட்டினார். துரு உதிர்ந்து உள்ளே ஓட்டை தெரிந்தது.

'வெல்டு வச்சா நிக்காதா அண்ணாச்சி?'

'கொழல் மெலிஞ்சு போச்சு சாரே. நெருப்பு காட்டுனா இன்னும் உருகிப்போவும். ஒங்க பிரேம் நல்லா கெடக்கு. இதுக்க சாமானத்த அதுல கேத்திப் பாப்பமா?'

அப்படித்தான் இந்த வேலை தொடங்கியது. அப்பாவுடைய இரண்டு சக்கரங்களையும் என்னுடைய பிரேமில் மாட்டிவிடலாம் என்று நான் எளிதாக நினைத்தேன். சைக்கிள் சக்கரக் கணக்கு தமிழ் இலக்கணத்தைவிடச் சிக்கலானது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். டயரில் எழுதியிருக்கும் அங்குலத்தை நம்பக்கூடாது. டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டமே உண்மையான அளவு. மலைச் சைக்கிளின் 26 அங்குலத்தில் அது 559 மில்லிமீட்டர். 26 × 1⅜ என்று எழுதிய மெல்லிய டயரில் 590. இரண்டுக்கும் 26 என்றே பெயர்; ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. அப்பாவுடைய 28 × 1½ சக்கரத்தில் 635. இன்றைய பந்தயச் சைக்கிள்களின் சக்கரம்கூட 622தான். அதாவது அப்பாவின் சக்கரம் அவற்றைவிடப் பெரியது. மேலும் பழைய இங்கிலாந்து மரபில் அதன் முன்சக்கரத்துக்கு 32 கம்பிகள், பின்சக்கரத்துக்கு 40. சுமை பின்னால் என்பதால் இந்த ஏற்பாடு. என்னுடையதில் பின்னால் 36தான். ஆகவே ஒன்றின் ரிம்மை மற்றதன் நடுக்குடத்தோடு கோக்கவும் வழியில்லை.

பின்சக்கரத்தை மாட்டிப் பார்த்தார். பிரேமின் குறுக்குக் குழாயில் டயர் முட்டி நின்றது. 'கேறாது சாரே' என்றார். முன்பக்கமும் என்னுடைய கவையில் ஏறவில்லை. அப்போது அவர் அப்பாவுடைய கவையையே கழற்றி எடுத்தார். முன்னோக்கி நன்றாக வளைந்து இறங்கும் அந்த நீண்ட கவையோடு முன்சக்கரம், கம்பி பிரேக், வளைந்த ஹேண்டில்பார் எல்லாம் ஒரே குடும்பமாக வந்தன. கவையின் கழுத்து என்னுடைய பிரேமுக்கு நீளம் அதிகம். லேத்துப் பட்டறையில் வெட்டிப் புதிதாக மரை போட்டார்கள். குறைந்த இடைவெளிக்கு ஒரு வளையம் சேர்ந்தது. மட்கார்டின் பாதி போயிற்று. பின்பக்கம் என்னுடைய 26 அங்குலச் சக்கரம், அதன் கேபிள் பிரேக்கோடு. அப்பாவின் ஹேண்டில்பாரில் அதற்கு ஒரு பிடி மட்டும் தனியாக முடுக்கப்பட்டது.

இருபது ஆண்டுகளாக வகுப்பில் புணர்ச்சி விதி நடத்துகிறேன். நிலைமொழியும் வருமொழியும் சேரும்போது தோன்றல், திரிதல், கெடுதல் என விகாரம் மூன்று என்பேன். மாணவர்கள் கொட்டாவி விடுவார்கள். அன்று பட்டறையில் ஸ்டூலில் உட்கார்ந்து, வளையம் தோன்றியதையும் மரை திரிந்ததையும் மட்கார்டு கெட்டதையும் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பாடம் எனக்கே சரியாக விளங்கியதென்று சொல்ல வேண்டும்.

உடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் பழம்பொருள் பிரியர். இரண்டு சைக்கிள்களையும் கெடுத்துவிட்டேன் என்று வருந்தினார். பழையதை அதன் மூலவடிவில் காப்பதே மரியாதை என்பது அவர் கட்சி. எனக்கும் முதலில் அந்த உறுத்தல் இருந்தது. பிறகு மலைச் சைக்கிளின் வரலாற்றைப் படித்தேன். அதற்கு மூலவடிவம் என்ற ஒன்றே இருந்ததில்லை. 1970களில் அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் மாவட்டத்து இளைஞர்கள், 1930களிலும் 40களிலும் செய்யப்பட்டுக் கழித்துக்கட்டப்பட்ட ஷ்வின் சைக்கிள்களைத் தேடி எடுத்தார்கள். தடித்த டயர்களும் வேறெங்கிருந்தோ கழற்றிய உறுப்புகளும் மாட்டி மலைச்சரிவில் இறங்கினார்கள். 1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபாக்ஸ் ஊரருகே அவர்கள் தொடங்கிய பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில் ஏறத்தாழ 400 மீட்டர் இறக்கம். பின்சக்கர நடுக்குடத்துக்குள் இருந்த பிரேக் சூடேறிக் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். பெயருக்குப் பொருள் அதுதான். 1977இல் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே புதிய பிரேம் செய்த பிறகுதான் அது ஒரு தனி இனமாகிறது. இன்று மலைப் பந்தயச் சைக்கிள்களில் முன்னால் 29, பின்னால் 27.5 என்று வேறுவேறு சக்கரம் மாட்டுவதும் உண்டு. அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். 'அவியளும் நம்மள மாதிதான்னு சொல்லுங்க' என்றார்.

அவர் சொன்னது சரிதான். கடற்கரையிலிருந்து மீன் கூடையோடு உள்நாட்டு ஊர்களுக்கு வருகிறவர்கள் கேரியரில் பலகை சேர்த்து அகலப்படுத்திக்கொள்வார்கள். சாணை பிடிப்பவர் சைக்கிளைத் தாங்கியில் நிறுத்திச் சக்கரத்திலிருந்து வாரோட்டிக் கல்லைச் சுழற்றுவார். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றபோது, பலரும் ஆண்கள் சைக்கிளையே விரும்பியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். இருக்கைக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையே ஓடும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது ஒரு காரணம். தேவைப்பட்டவர்கள் எவரும் மூலவடிவத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

வேலை முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியும் முன் கிளம்பினேன். முன்பக்கம் சற்று உயர்ந்திருந்தது. வளைந்த கவை குழிகளைத் தானே வாங்கிக்கொண்டது. ஹேண்டில்பாரின் கைப்பிடியில் அப்பாவின் விரல்கள் தேய்த்த பள்ளம் இருந்தது. திட்டுவிளைக்கு அப்பால் ஏற்றத்தில் மூச்சு முட்டி இறங்கி உருட்டினேன். இந்தத் தூரத்தை அவர் ஒரு நவம்பர் இரவில் முழுக்க நடந்திருக்கிறார்.

தடிக்காரன்கோணம் தேநீர்க்கடையில் சைக்கிளைச் சாய்த்தபோது, பெஞ்சில் இருந்த முதியவர் ஹேண்டில்பாரையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய பால்வெட்டுகாரர். 'இது நம்ம கணக்கருக்க சைக்கிள்லா? பின்னால வேற மாதி இருக்கு?' என்றார். மகன் என்றேன். வாத்தியாராக இருக்கும் மகனா என்று கேட்டு, கையைப் பிடித்துக்கொண்டார். 'ஒரு மழை நாள் அப்பா நடந்தே வந்தாவ. என்னன்னு கேட்டேன். பயலுக்குப் படிப்பு இருக்கு, அவனுக்குச் சைக்கிள் வேணும்லான்னு சொன்னாவ. அப்பிடிப் படிக்க வச்ச பிள்ளை.'

நான் எதுவும் சொல்லவில்லை. தேநீர் ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். அப்பா என் பொய்யை அறிந்திருந்தாரா, நம்பினாரா என்பது இனித் தெரியப்போவதில்லை. எதுவானாலும் அதை ஊருக்கு உண்மையாகவே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

திரும்பும்போது முழுக்க இறக்கம். பின் பிரேக் கீச்சிடுகிறது; அண்ணாச்சியிடம் காட்ட வேண்டும். இறக்கத்தில் என்னையறியாமல் வலது காலைத் தரையில் வைத்தேன். வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் வாசலிலேயே நின்றாள். ஒரு சுற்றுத் தருவாயா என்றாள். எங்கே என்று கேட்காமல் இறங்கிக் கொடுத்தேன்.