சுழற்படியும் காமிராவின் கணக்கும்

சுழன்றேறும் படிக்கட்டைக் கண்டால், காமிரா கையிலுள்ளவர் எவரும் சும்மா கடந்து போவதில்லை. அடியில் நின்று அண்ணாந்தால் அது சங்கின் உட்புறம். உச்சியில் நின்று குனிந்தால் சுருட்டி வைத்த பாய். ஆனால் எடுத்த படத்திலோ நடுவே ஒரு வெள்ளைப் பொட்டு, சுற்றிலும் இருட்டு. படிகளைத் தேட வேண்டியிருக்கும்.

ஆரணியில் நமது பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவருக்கு நேர்ந்ததும் இதுவே. பட்டுத் தறி நெய்யும் குடும்பம். மகன் தறியில் அமரவில்லை. கடன்பட்டு, பிறர் கைமாறிய காமிரா ஒன்றை வாங்கி, திருமணம், புதுநன்மை என்று அழைத்த வீட்டிற்கெல்லாம் போகிறார். சென்ற கோடையில் பங்கு இளைஞருடன் நாம் மாமல்லபுரம் சென்றிருந்தபோது, அங்குள்ள கலங்கரை விளக்கத்தினுள் பத்துப் படங்கள் எடுத்தார். கல்லால் எழுந்த அந்த வட்டக் கோபுரம் 1904-ஆம் ஆண்டில் முழுமையாகச் செயற்படத் தொடங்கியது. உள்ளே சுழற்படி, சிறு சாளரங்களின் வழியே கடற்கரையின் கடும் வெயில். பத்துப் படங்களும் கரி.

"சாமி, கண்ணுக்குத் தெரியும் படி காமிராவுக்கு ஏன் தெரியவில்லை?" என்றார்.

காரணம் எளிது. இருளிலும் வெளிச்சத்திலும் மாறி மாறித் தன்னைச் சரிசெய்துகொண்டே பார்க்கிறது நமது கண். காமிராவோ தன் முன்னுள்ள ஒளி முழுவதையும் கூட்டிச் சராசரி காண்கிறது. எதையும் கறுப்புமின்றி வெளுப்புமின்றி நடுத்தரச் சாம்பல் நிறத்திற்குக் கொண்டுவர முயல்கிறது. சட்டத்தினுள் ஒரு சாளரம் புகுந்தால் போதும். "வெளிச்சம் மிகுதி" என்று முடிவு செய்து படிகளை இருளில் தள்ளிவிடும். ஆகவே எந்த ஒளியை அளப்பது என்பதை நாமே சொல்ல வேண்டும். ஒளியளவியைப் புள்ளி அளவுக்கு மாற்றி நடுப்படி ஒன்றின் மேல் வைக்கலாம். அல்லது ஒளித்திருத்தத்தைக் கூட்டல் ஒன்று, ஒன்றரை என ஏற்றலாம். கைப்பேசியாயின் திரையில் அந்தப் படியை விரலால் தொட்டாலே போதும். சுண்ணாம்பு பூசிய வெண்படி அழுக்காகத் தெரிவதும் இதே சராசரிக் கணக்கினால்தான். அங்கும் கூட்டலே மருந்து.

மற்றவை சில்லறைப் பிழைகள். 1/8 விநாடியில் கையில் பிடித்து எடுத்தால் படம் நடுங்கும். கைப்பிடிக் கம்பியில் காமிராவை ஊன்றி, இரண்டு விநாடித் தாமத விசையை வைப்பது நன்று. லென்சின் துளை அகன்றிருந்தால் அருகிலுள்ள கம்பி தெளியும், தொலைவிலுள்ள படி மங்கும்; எஃப் 8 அளவில் இரண்டும் ஓரளவு தெளியும். முந்தின நாள் திருமணத்திற்கு வைத்த ஐ.எஸ்.ஓ. 3200 மறுநாளும் அப்படியே இருந்தால் வெயிலிலும் மணல் தூவியது போன்ற படம் கிடைக்கும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். அது முதற் கம்பியை மட்டும் வெளுக்கச் செய்யும். படத்திற்காகக் கைப்பிடிக்கு வெளியே சாய்வோரைக் கண்டு நாம் பன்முறை நடுங்கியதுண்டு. கழுத்துப் பட்டையை அணிந்து, கைகளை மட்டும் நீட்டினால் போதும், பிள்ளைகளே!

வத்திக்கான் அருங்காட்சியகத்தில் ஜுசெப்பே மோமோ வடிவமைத்த 1932-ஆம் ஆண்டின் இரட்டைச் சுழற்படியில் இத்தொல்லை குறைவு. ஏறுவோருக்கு ஒன்று, இறங்குவோருக்கு ஒன்று; கண்ணாடிக் கூரையின் ஒளி மேலிருந்து பரவலாக விழுவதால், குனிந்து எடுப்பவருக்கு ஒளி எதிரே நிற்பதில்லை. அமெரிக்காவில் சாந்தா ஃபே நகரத்து லொரெட்டோ சிற்றாலயப் படிக்கட்டு வேறு வகை. முப்பத்து மூன்று படிகள், இரண்டு முழுச் சுற்றுகள், நடுத்தூண் கிடையாது. வெளிறிய சுவரின் முன் பழுப்பு மரம். சுவரை அளந்தால் மரம் கறுத்துப்போகும், மரத்தைத்தான் அளக்க வேண்டும். கன்னியர் நவநாள் செபித்தபோது புனித சூசையப்பரே வந்து அதைச் செய்தார் என்பது பக்தர் வழக்கு. ரோஷா என்னும் பிரெஞ்சுத் தச்சர் செய்தார் என்பது ஆய்வாளர் முடிவு. நமக்கு இரண்டிலும் வருத்தமில்லை, சூசையப்பரும் தச்சர்தாமே!

நமது இளைஞருக்கு இக்கணக்கு வேறோரிடத்தில் பயன்பட்டது. கூலிக்கு நெய்துவந்த தந்தை இவ்வாண்டு கடனுக்குப் பட்டு வாங்கிச் சொந்தமாகப் பாவு ஏற்றினார். மகன் படம் எடுத்து வெளியூருக்கு அனுப்ப, அரக்குச் சேலை ஒன்று, "படத்தில் கண்டது செம்மை, வந்தது கருமை" என்று திரும்பி வந்துவிட்டது. பல நாள் உழைப்பு. கடனோ வட்டியோடு நிற்கிறது. கருநிறச் சேலையையும் காமிரா சாம்பலுக்கு உயர்த்தி வெளிறச் செய்கிறது. இங்கே வேண்டியது கழித்தல். பளிச்சிடும் சரிகைக் கரை சட்டத்தை நிறைத்தாலோ சாளரம் செய்த அதே சூழ்ச்சி, அப்போது கூட்டல். குழல்விளக்கை அணைத்து, சன்னலோரம் சேலையை விரித்து, கழித்தல் ஒன்றில் மீண்டும் எடுத்தார். படத்தையும் சேலையையும் அருகருகே வைத்துத் தந்தை நெடுநேரம் பார்த்தாராம்.

அந்தச் சேலை சேலத்திற்குப் போயிற்று, திரும்பவில்லை. அடுத்த பாவுக்கு என்ன நிறம் போடலாம் என்று தந்தை இப்போது மகனைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.