முள் நின்ற இடம்

எங்கள் லயத்துக்குக் கீழே, ரோடு வளைகிற இடத்தில், தகரம் போட்ட கொட்டகை ஒன்று இருந்தது. அதன் நடு விட்டத்தில் ஒரு ஸ்பிரிங் தராசு தொங்கும். வட்ட முகம், கறுப்பு முள், கீழே கட்டைவிரல் தடிமனில் ஒரு கொக்கி. ஐம்பது கிலோ வரை எண்கள் போட்டிருக்கும். வட்டம் என்பதால் ஐம்பதும் பூஜ்யமும் உச்சியில் ஒரே கோட்டில். நீலகிரி எமரால்டில் என் அம்மாவும் அம்மாயியும் பறித்த தேயிலைக் கொழுந்தெல்லாம் அந்தக் கொக்கியில் தொங்கித்தான் காசானது.

அம்மாயி கண்டிச் சீமையில் பறித்துப் பழகிய கை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று பிரிக்கப்பட்ட ஐந்து லட்சத்துச் சொச்சம் பேரில் எங்கள் குடும்பமும் ஒன்று. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் நாள் கழித்து, கடைசியில் இந்தக் குளிருக்கு வந்து சேர்ந்தார்கள். கீழே பளபளக்கும் அணை கொழும்புத் திட்டத்தில் கனடா நாட்டு உதவியோடு கட்டிய குந்தா மின்திட்டத்தைச் சேர்ந்தது என்று யாரோ சொன்னதிலிருந்து, “பாரேன், நமக்கு முன்னாடியே கொழும்பு இங்க வந்திருச்சு” என்பாள். கிலோவுக்கு மட்டும் அவள் மாறவேயில்லை. தராசு இருபது கிலோ என்றால், “நாப்பத்தி நாலு றாத்தல்” என்று முணுமுணுத்த பிறகுதான் நகருவாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பைகளில் எப்போதும் உண்டிவில். கற்பூர மரத்துக் கவட்டையில் சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டியது. உறைபனி விழுகிற ஜனவரிக் காலைகளில், தேயிலைத் தளிர் கருகிப்போய், பெரியவர்கள் கவலையோடு நிற்கும் நேரத்தில், நாங்கள் லயத்து வாசலில் ஒரு விளையாட்டு விளையாடுவோம். ரப்பரை விருட்டென்று இழுத்து உடனே உதட்டில் வைத்தால் இளஞ்சூடாக இருக்கும். இழுத்தபடியே கொஞ்ச நேரம் பிடித்திருந்து, சட்டென்று தளர்த்தி உதட்டில் வைத்தால் சில்லென்று இருக்கும். அந்தக் குளிரில் இந்தச் சூடு எங்களுக்கு மந்திரம்போலத் தெரிந்தது. வரிசையாக நின்று, ஒருவன் ரப்பரை அடுத்தவன் உதட்டில் வைத்துச் சோதிப்போம். 1805-ல் இங்கிலாந்தில் ஜான் காஃப் என்ற அறிஞர் இதையேதான், இதே உதட்டை வைத்துத்தான் கண்டு எழுதினார் என்று பல வருஷம் கழித்துப் படித்தேன். சிறுவயதில் அம்மை வந்து கண்பார்வை இழந்தவர் அவர். படித்த அன்று அந்தச் சூடு மறுபடியும் என் உதட்டில் வந்து போனது.

ரப்பருக்குள் இருப்பவை நீள நீளமான மூலக்கூறுகள், சிக்குப் பிடித்த நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடப்பவை. இழுத்தால் அவை நேராகின்றன. அதனால்தான் தன் நீளத்தைப்போல நாலைந்து மடங்கு நீள்கிறது. எஃகு அப்படியில்லை. அதில் அணுக்கள் அடுக்கடுக்காக இறுகி நிற்கின்றன. எல்லைக்குள் இழுக்கும்வரை ஒன்றைவிட்டு ஒன்று மயிரிழைதான் விலகும், விட்டதும் திரும்பி வந்துவிடும். ரப்பரைவிட எஃகுக்குத்தான் மீட்சி அதிகம் என்று பாடத்தில் வரும்போது பிள்ளைகள் நம்பமாட்டார்கள். நான் உடனே நம்பினேன். ஒரு எஃகுச் சுருளை அதன் எல்லை தாண்டி இழுத்துவிட்டவன் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொட்டகையில் யாருமில்லை. பக்கத்து லயத்துப் பையனும் நானும் விட்டத்துக்குக் கீழே கொழுந்து மூட்டைகளை அடுக்கி, அதன் மேல் ஏறி, கொக்கியை ஆளுக்கொரு கையால் பிடித்து ஒரே நேரத்தில் குதித்தோம். இருவரும் ஆளுக்கு இருபத்தைந்து கிலோ இருந்திருப்போம். மெதுவாகத் தொங்கியிருந்தால் தராசு தாங்கியிருக்கும். திடீரென்று விழும் பாரம் ஸ்பிரிங்கை ஏறக்குறைய இருமடங்கு நீட்டிவிடும் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? முள் ஒரு சுற்றுச் சுற்றி மேலும் ஓடியது. உள்ளே ‘டக்’கென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால், வெறும் கொக்கிக்கே முள் மூன்றில் நின்றது. தட்டினோம், ஆட்டினோம், கொக்கியை மேலே தள்ளினோம். மூன்றுதான். அணுக்களின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, புது இடத்தில் உட்கார்ந்துவிட்டன. அதற்கப்புறம் எந்தக் கெஞ்சலுக்கும் அவை திரும்புவதில்லை.

மறுநாள் காலை எடை போடுகிறவர் பார்த்துவிட்டார். மேலேயிருந்த திருகைத் திருப்பி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். நான் பிழைத்தேன் என்று ஓடிவிட்டேன். அவர் திருகும்போது கொக்கியில் ஒரு நனைந்த சாக்கு தொங்கிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவரும் கவனிக்கவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்தச் சாக்கு இரண்டு கிலோ. வழக்கம்போலச் சாக்குக்கும் தண்ணீருக்கும் என்று அவர் இரண்டு கிலோ கழித்தும் வந்தார். ஒரே சாக்கு இரண்டு தடவை கழிந்தது, ஒவ்வொரு பெண்ணுக்கும், ஒவ்வொரு எடைக்கும்.

நான்காம் நாள் சாயந்திரம் அம்மாயி தன் மூட்டையைக் கொக்கியில் மாட்டவிடவில்லை.

“தம்பி, வெறுந் தராச ஒருதரம் காட்டுங்க.”

“மூடுபனி எறங்குது பாட்டி, லாரி காத்திருக்கு.”

“இருக்கட்டும் தம்பி. என் கையில வர்ற பாரம் எனக்குத் தெரியும். நாலு நாளா தராசு அதச் சொல்லல.”

அவர் கொக்கியில் தொங்கிய முந்தைய மூட்டையின் சாக்கைக் கழற்றினார். முள் பூஜ்யத்துக்கு இந்தப் பக்கம் விழுந்து நாற்பத்தெட்டில் நின்றது. அவர் முகம் மாறியது. அம்மாயி அதோடு விடவில்லை. மளிகைக் கடையிலிருந்து ஐந்து கிலோ இரும்புப் படிக்கல் மூன்றை இரவல் வாங்கி வரச் சொன்னாள். ஒன்றைத் தொங்கவிட்டால் மூன்று காட்டியது. இரண்டு தொங்கினால் எட்டு. மூன்றுக்குப் பதின்மூன்று. “எத்தன போட்டாலும் அதே ரெண்டுதான் கொறையுது. ஸ்பிரிங்குல கோளாறு இல்ல தம்பி, அது பொறப்பட்ட எடத்துலதான் கோளாறு” என்றாள். பள்ளிக்கூடப் படிக்கட்டே ஏறாதவள்.

பதினோராம் வகுப்பில் வாத்தியார் ஒரு சுருள்வில்லைத் தொங்கவிட்டு, ஐம்பது ஐம்பது கிராமாக எடை சேர்த்து, நீட்சியை அளந்து வரைபடம் போடச் சொன்னார். விசை இருமடங்கானால் நீட்சியும் இருமடங்கு, ஆனால் மீட்சி எல்லைக்குள் மட்டும். ராபர்ட் ஹூக் இதை 1676-ல் வேறு யாரும் தன்னுடையது என்று சொல்லிவிடாதபடி எழுத்துகளைக் கலைத்து அகர வரிசையில் அச்சிட்டு, 1678-ல்தான் பொருளை விடுவித்தார் என்றும் சொன்னார். என் தாளில் புள்ளிகளெல்லாம் ஒரே நேர்கோட்டில் விழுந்தன, ஆனால் கோடு மூலைப் புள்ளி வழியாகப் போகவில்லை, சற்றுத் தள்ளிப் போனது. பக்கத்துப் பையன் அழித்துத் திருத்தச் சொன்னான். நான் அழிக்கவில்லை. அம்மாயியின் மூன்று படிக்கற்கள் அந்தத் தாளில் நின்றன. அளவுகோலை எந்த இடத்திலிருந்து படித்தேன் என்று பார்த்தேன். ஆரம்பப் புள்ளியைத் தவறாகக் குறித்திருந்தேன்.

ஸ்பிரிங் தராசு பூமி இழுக்கும் விசையைத்தான் அளக்கிறது என்று படித்தபோது இன்னொரு சந்தேகமும் வந்தது. மேட்டுப்பாளையத்தில் சரிபார்த்த தராசு, ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் எமரால்டில் குறைத்துக் காட்டுமா? காட்டும். ஆனால் நூறு கிலோவுக்கு நூறு கிராம்கூட வராது. எந்த முள்ளாலும் அதைக் காட்ட முடியாது. எங்கள் பெண்கள் இழந்தது மலையின் உயரத்தால் அல்ல.

இப்போது அந்த ஊரில் மின்னணுத் தராசு. உள்ளே ஒரு உலோகத் துண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதில் ஒட்டிய மெல்லிய கம்பியும் நீண்டு, அதன் மின்தடை மாறுகிறது. அதைத்தான் எண்ணாக்கிக் காட்டுகிறது. அதே ஹூக்கின் விதிதான்.

அம்மாயி படிக்கல் தொங்கவிட்டுப் பார்த்த அன்று இரவு அடுப்படியில் அம்மாயியிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடிக்கவில்லை. ரொம்ப நேரம் தீயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “எத்தன பேரு கொழுந்துடா அது” என்று மட்டும் கேட்டாள். எடை போடுகிறவர் நான்கு நாள் கணக்கையும் பேரேட்டில் திருத்தி எழுதினார். ஆனாலும் அந்தக் கேள்விக்கு நான் விரல்விட்டு எண்ணியது நினைவிருக்கிறது: பதினேழு பேர், நாளைக்கு மூன்று எடை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கிலோ.

அதற்கப்புறம் அவள் கை ஓயும்வரை, காலையில் முதல் மூட்டை ஏறுமுன் கொட்டகைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். எடை போடுகிறவர் எதையும் மாட்டாமல் தராசை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டுவார். அவளுக்குக் கண் மங்கிவிட்டிருந்தது.

“எங்க நிக்குதுடா?”

“பூஜ்யத்துல, அம்மாயி.”

“சரி தம்பி, போடுங்க.”