ஆச்சியின் கைப்பிடி அரிசி

எங்கள் ஆச்சிக்கு இடையன்குடி. கால்டுவெல் ஐயர் 33 வருஷம் பாடுபட்டு 1880-ல் கட்டி முடித்தாரே, அந்தக் கோயில் இருக்கிற ஊர்.

தினமும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். தாத்தா இறந்து, ஆறு பிள்ளைகளோடு கஞ்சிக்கே இழுபறியான நாட்களிலும் நிறுத்தவில்லை.

"நமக்கே காணாதம்மா" என்று அப்பா அழுதாராம்.

"மிஞ்சினதக் கொடுத்தா அது காணிக்கையாலே?" என்றாளாம் ஆச்சி.

நாக்பூரில் வாடிக்கையாளர்களுக்கு ஆர்.டி. கணக்கு திறந்து கொடுக்கும்போதெல்லாம் அந்தக் கலயம் ஞாபகம் வரும். ஒரே வித்தியாசம், ஆச்சி முதிர்வுத்தொகை கேட்டதே இல்லை.

எங்கள் வீட்டு அடுப்படியிலும் இப்போது ஒரு டப்பா இருக்கிறது. இங்கேயே பிறந்த மகள் அதற்கு வைத்த பெயர் 'பர்தாதி டப்பா'. பாஷை மாறினால் என்ன, அரிசி விழுகிறதே!